கேள்வி பதில்: வாயு அபாயமுள்ள இடத்துக்கு எந்தக் கேபிள்?

சுத்திகரிப்பு ஆலைகள், எரிவாயு முனையங்கள், எண்ணெய்க் கிணறுகள், பெட்ரோல் பங்குகள் ஆகியவற்றில் மின்பணி செய்யும் வாசகர்கள் எழுதியவற்றுள், கேபிள் தேர்வைப் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தரப்படுகிறது. உங்கள் ஆலைக்கென்று அங்கீகரிக்கப்பட்ட அபாயப் பகுதி வரைபடமும், உரிமம் வழங்கிய அதிகாரியின் நிபந்தனைகளும் எப்போதும் இந்தப் பதில்களுக்கு மேற்பட்டவை.

நான் ஒரு மின் ஒப்பந்ததாரரிடம் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். சுத்திகரிப்பு ஆலையின் பம்ப் ஹவுஸ் ஒன்றுக்கான டெண்டரில் "எஃப்.எல்.பி. கேபிள்" (எஃப்.எல்.பி. என்றால் ஃபிளேம்புரூஃப்) என்று கேட்டிருக்கிறார்கள். விற்பனையாளர் ஒருவர் தம்முடைய கேபிளுக்கு "எக்ஸ்" (வெடி அபாயப் பகுதிக்கு உகந்தது என்னும்) சான்றிதழ் உண்டு என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார். அப்படி ஒரு கேபிள் இருக்கிறதா?
வாசகர், மணலி

இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் பின்பற்றப்படும் ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) முறையில், சாதாரண மின்கேபிளுக்கு எக்ஸ் சான்றிதழ் என்று தனியாக எதுவும் வழங்கப்படுவதில்லை. சான்றிதழ் பெறுபவை மோட்டார், விளக்கு, ஜங்ஷன் பாக்ஸ், கிளாண்ட் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் வாயை இறுக்கி அடைக்கும் பொருத்தி) போன்ற சாதனங்களே. கேபிள் எப்படிக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதை ஐ.இ.சி. 60079-14 என்ற நிறுவல் தரம் விவரிக்கிறது. அதன்படி வாங்குவது வாங்குபவரின் பொறுப்பு. அமெரிக்க முறையில் மட்டும் நிலைமை வேறு. அங்கே உலோக உறையிட்ட சில கேபிள் வகைகளுக்கு அபாயப் பகுதிக்கு உகந்தவை என்று "எச்.எல்." என்னும் குறியீடு தரப்படுகிறது. உங்கள் விற்பனையாளர் அந்த நாட்டுப் பட்டியலைக் காட்டுகிறாரா, அல்லது கிளாண்டின் சான்றிதழைக் கேபிளின் சான்றிதழாக நீட்டுகிறாரா என்பதை முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இரண்டாவது வகை ஆட்களைச் சந்தையில் நிறையவே பார்க்கலாம்.

அதற்காக, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள எந்தக் கேபிளையும் போட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐ.எஸ். 1554, ஐ.எஸ். 7098 ஆகிய இரு தரங்களும் ஆர்மருக்கு (கேபிளைச் சுற்றிய உலோகக் கவசத்துக்கு) உள்ளே வரும் இன்னர் ஷீத்தை (உட்புற உறையை) இரண்டு விதமாகச் செய்ய அனுமதிக்கின்றன: உருக்கி வார்த்து ஏற்றும் எக்ஸ்ட்ரூஷன் முறை ஒன்று, பிளாஸ்டிக் டேப்பைச் சுற்றி முடிக்கும் முறை மற்றொன்று. கட்டடத்துக்கோ வயல்வெளி மோட்டாருக்கோ இரண்டில் எது வந்தாலும் குறையில்லை. வாயு உலவும் இடத்தில் டேப் சுற்றிய கேபிள் உதவாது, ஏனென்றால் கிளாண்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் இறுக்கிப் பிடிக்க வேண்டியது இந்த இன்னர் ஷீத்தைத்தான். அது உருண்டையாகவும் வழுவழுப்பாகவும் இல்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிளாண்டும் அடைப்பைத் தராது.

எனவே கொள்முதல் ஆணையில் "எஃப்.எல்.பி. கேபிள்" என்ற சொல்லை அடித்துவிட்டு, வேண்டியதை விரித்து எழுதுங்கள். 1,100 வோல்ட் தரம், செம்புக் கம்பி, எக்ஸ்.எல்.பி.இ. (குறுக்கிணைப்புப் பாலி எத்திலீன்) இன்சுலேஷன், கோர்களுக்கு (இன்சுலேஷன் ஏற்றிய தனித்தனிக் கம்பிகளுக்கு) இடையே ஈரம் உறிஞ்சாத நிரப்பி, எக்ஸ்ட்ரூஷன் முறையில் மட்டுமே ஏற்றிய இன்னர் ஷீத், ஜி.ஐ. கம்பி ஆர்மர், எஸ்.டி.2 வகை எஃப்.ஆர்.எல்.எஸ். (தீயைப் பரப்பாத, புகை குறைந்த) வெளியுறை, முழுக் கேபிளும் வட்டமாகவும் இறுக்கமாகவும் இருத்தல், ஐ.எஸ். 7098 பகுதி 1 என்று குறிப்பிட்டால் விற்பனையாளருக்கு வேறு பொருளைத் தள்ளிவிட இடமிருக்காது. கையால் இழுத்தாலே கிழியும்படி உறையிடப்பட்ட மெல்லிய கேபிள்களைக் குழாய்க்குள் இட்டாலன்றி அபாயப் பகுதியில் பயன்படுத்தக் கூடாது என்பதும் அதே நிறுவல் தரத்தின் விதி.

டிரம் வந்து இறங்கியதும் ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி, வெட்டு முகத்தைக் கண்ணெதிரே பிடித்துப் பாருங்கள். கோர்களுக்கு நடுவே உள்ள முக்கோண இடைவெளிகள் நிரம்பியிருக்கின்றனவா, இன்னர் ஷீத் ஒரே வளையமாகத் தெரிகிறதா, அல்லது ஓரம் ஓரமாகப் பிரிந்து வருகிறதா என்பது வெளிச்சத்தில் உடனே தெரிந்துவிடும். ஆய்வுச் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைக்கும் முன் இந்த வேலையைச் செய்துவிடுவது நல்லது.

ஜங்ஷன் பாக்ஸ் எஃப்.எல்.பி. வகை. டபுள் கம்ப்ரஷன் கிளாண்ட் போதும் என்கிறார் எங்கள் மேற்பார்வையாளர். ஆய்வுக்கு வந்தவர் பேரியர் கிளாண்ட் வேண்டும் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. யார் சொல்வது சரி?
வாசகர், நாகப்பட்டினம்

கேபிளைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இருவரும் கேபிளைப் பார்க்காமலே பேசியிருக்கக்கூடும் என்று தோன்றுகிறது.

எஃப்.எல்.பி. பெட்டியின் தத்துவம் வாயுவை உள்ளே வரவிடாமல் தடுப்பதன்று. வாயு உள்ளே நுழையும், உள்ளே பொறி உண்டாகும், உள்ளேயே வெடிக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அந்தப் பெட்டி வடிவமைக்கப்படுகிறது. வெடிப்பின் அழுத்தத்தைப் பெட்டி தாங்கிக்கொள்ளும். மூடிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய இடுக்கின் வழியே வெளியேறும் சூடான வாயு, வெளியே உள்ள கலவையைப் பற்றவைக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்துவிடும். இந்தக் கணக்கைக் கெடுக்கக்கூடிய ஒரே பெரிய ஓட்டை கேபிள் நுழையும் வாய். அங்கே கிளாண்ட் வெளிப்புறத்தை அடைத்தாலும், கேபிளின் உட்புறத்தில் கோர்களுக்கிடையே வெற்றிடம் இருந்தால், வெடிப்பின் அழுத்தம் சூடான வாயுவை அதன் வழியே தள்ளும். கேபிள் ஓர் உறிஞ்சுகுழல்போல் ஆகிவிடும். வெடிப்பே நிகழாவிட்டாலும், இதே வழியில் வாயு மெல்ல ஊர்ந்து ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கும், சில வேளைகளில் அபாயமற்ற பகுதியில் உள்ள பேனலுக்கும் போய்ச் சேரும்.

ஐ.இ.சி. 60079-14இன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்குத் தெளிவான வழி சொல்கிறது. கேபிள் வட்டமானதாகவும் இறுக்கமானதாகவும், எக்ஸ்ட்ரூஷன் முறை உட்புற உறையும் ஈரம் உறிஞ்சாத நிரப்பியும் கொண்டதாகவும் இருந்து, இணைக்கப்படும் கேபிளின் நீளம் குறைந்தது 3 மீட்டர் இருந்தால், எஃப்.எல்.பி. சான்றிதழ் பெற்ற ரப்பர் வளைய கிளாண்டைப் பயன்படுத்தலாம். நம் ஊரில் புழங்கும் டபுள் கம்ப்ரஷன் கிளாண்டுகளில் சான்றிதழ் பெற்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும், கோர்களைப் பிரித்து அவற்றைச் சுற்றிக் கலவையை நிரப்பி இறுகவிடும் பேரியர் கிளாண்டே வேண்டும். ஒரு பெட்டியிலிருந்து பக்கத்துப் பெட்டிக்கு ஒன்றரை மீட்டர் கேபிள் ஓடுமிடங்களில் பலர் தவறுவது இங்கேதான்.

கேபிள் உள்ளே எவ்வளவு காற்றை விடுகிறது என்பதை அளக்க அதே தரத்தின் பிற்சேர்க்கையில் ஒரு சோதனையும் இருக்கிறது. அரை மீட்டர் கேபிள் துண்டை 5 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய கலத்தில் பொருத்தி, 0.3 கிலோ பாஸ்கல் அழுத்தம் ஏற்ற வேண்டும். அது பாதியாகக் குறைய 5 விநாடிக்குக் குறையாமல் ஆனால் கேபிள் தேறியது. 0.3 கிலோ பாஸ்கல் என்பது 30 மில்லிமீட்டர் நீர்மட்ட உயரம்தான், வாயால் ஊதினாலே கிடைக்கக்கூடிய அழுத்தம். இந்தச் சோதனை முடிவைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கலாம். கொடுக்கத் தயங்கினால் அதிலிருந்தே ஒரு முடிவுக்கு வரலாம்.

உங்களுக்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. புதிய பெட்டி அல்லது மோட்டார் வாங்கும் நிலையில் இருந்தால், கேபிள் முதலில் "எக்ஸ் இ" (பொறியோ மிகைச் சூடோ உண்டாகாதபடி கூடுதல் பாதுகாப்போடு செய்த) வகை டெர்மினல் பெட்டிக்குள் வந்து முடிந்து, அங்கிருந்து புஷிங் வழியாக எஃப்.எல்.பி. அறைக்குள் செல்லும் அமைப்பைக் கேளுங்கள். பொறி உண்டாகும் அறைக்குள் கேபிள் நேரடியாக நுழையாததால், பேரியர் கிளாண்டுக்கான கேள்வியே எழாது.

கிளாண்டின் அளவைப் பற்றியும் ஒரு சொல். "25 எம்.எம். கிளாண்ட்" என்று கடையில் கேட்டு வாங்குவதை நிறுத்திவிட்டு, இன்னர் ஷீத்தின் விட்டம், வெளியுறையின் விட்டம், ஆர்மர் கம்பியின் தடிமன் ஆகிய மூன்றையும் வெர்னியரால் அளந்து, தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்குங்கள். இணையான மரையாக இருந்தால் குறைந்தது 5 முழு மரைகள் பெட்டிக்குள் பிடித்திருக்க வேண்டும். இந்தியாவில் பெட்ரோலிய வளாகங்களில் பொருத்தும் எஃப்.எல்.பி. சாதனங்களுக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ எனப்படும் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் வேண்டும் என்பதையும், கிணறும் துரப்பணமும் நடக்கும் இடம் எண்ணெய்ச் சுரங்கமாகக் கருதப்பட்டு, சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் கீழ் வரும் என்பதையும் உங்கள் மேற்பார்வையாளருக்கு நினைவூட்டுங்கள். காவிரிப் படுகையில் வேலை செய்பவர்களுக்கு இந்த இரண்டாவது விஷயம் முக்கியம்.

ஹைட்ரஜன் யூனிட்டில் ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டரைக் கண்ட்ரோல் ரூமில் உள்ள பேரியருடன் (மின்னாற்றலைக் கட்டுப்படுத்தும் கருவியுடன்) இணைக்க வேண்டும். தூரம் 600 மீட்டர். இன்ட்ரின்சிக்கலி சேஃப் சர்க்யூட் என்பதால் நீல நிறக் கேபிள் போட்டால் போதும் என்கிறார்கள். சரிதானா?
வாசகர், ஜாம்நகர்

நீல நிறம் அடையாளத்துக்கு மட்டுமே. பச்சை உறையில் இருந்தாலும் சரியான கேபிள் சரியானதே. நீல உறையில் இருந்தாலும் தவறான கேபிள் தவறானதே. உறையின் நிறத்தைக் கொண்டு அடையாளம் காட்டுவதாக இருந்தால் அது வெளிர் நீலமாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

இந்த வகைச் சர்க்யூட்டில் பாதுகாப்பு ஆற்றலின் அளவில் இருக்கிறது. பேரியர் வெளியே விடும் மின்னழுத்தமும் மின்னோட்டமும் பொறியால் பற்றவைக்க முடியாத அளவுக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். ஆனால் கேபிள் என்பதே நீண்டு கிடக்கும் ஒரு மின்தேக்கி. அது மெல்ல மெல்ல ஆற்றலைச் சேர்த்துவைத்து, கம்பிகள் ஒன்றையொன்று தொடும் கணத்தில் மொத்தமாக விட்டுவிடும். ஆகவே கேபிளின் கெபாசிட்டன்ஸும் (மின்தேக்கும் திறன்) இண்டக்டன்ஸும் (மின்தூண்டல் திறன்) பேரியரின் சான்றிதழில் உள்ள எல்லைக்குள் அடங்க வேண்டும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான 28 வோல்ட், 93 மில்லி ஆம்பியர் பேரியர் என்று வைத்துக்கொண்டால், ஹைட்ரஜன் அடங்கிய ஐ.ஐ.சி. வாயுக் குழுவுக்கு (மிக எளிதில் பற்றிக்கொள்ளும் வாயுக்களின் குழுவுக்கு) அனுமதிக்கப்படும் கெபாசிட்டன்ஸ் 83 நானோ ஃபாரட். டிரான்ஸ்மிட்டரின் உள் கெபாசிட்டன்ஸ் 5 நானோ ஃபாரட் என்றால், கேபிளுக்கு மீதமிருப்பது 78. கேபிளின் மின் விவரம் கையில் இல்லாதபோது, இரண்டு அல்லது மூன்று கோர் உள்ள வழக்கமான கேபிளுக்கு மீட்டருக்கு 200 பைகோ ஃபாரட் என்றும் 1 மைக்ரோ ஹென்றி என்றும் எடுத்துக்கொள்ளும்படி தரம் சொல்கிறது. 600 மீட்டருக்கு அது 120 நானோ ஃபாரட் ஆகிறது. எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், அந்தக் கணக்கில் 390 மீட்டர்தான் கிடைக்கும். இண்டக்டன்ஸைப் பொறுத்தவரை அனுமதி சுமார் 4 மில்லி ஹென்றி, உங்களுக்கு ஆவதோ 0.6 மட்டும், ஆகவே அந்தப் பக்கம் கவலை இல்லை. ஆனால் டிரான்ஸ்மிட்டரின் உள் கெபாசிட்டன்ஸ், உள் இண்டக்டன்ஸ் இரண்டுமே பேரியர் எல்லையில் 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அனுமதி எல்லைகள் இரண்டையும் பாதியாக்கிக்கொண்டு கணக்கிட வேண்டும் என்ற விதியை மறந்துவிடாதீர்கள்.

தப்பிக்க வழி உண்டு. ஸ்கிரீனையும் (கோர்களைச் சுற்றிய உலோக மறைப்பையும்) சேர்த்து அளந்த கெபாசிட்டன்ஸ் மீட்டருக்கு 100 பைகோ ஃபாரட்டுக்கு மிகாது என்று தயாரிப்பாளர் எழுத்தில் தரும் கேபிளை வாங்கினால், 600 மீட்டருக்கு 60 நானோ ஃபாரட். டிரான்ஸ்மிட்டரையும் சேர்த்து 65. எல்லைக்குள் வந்துவிட்டது. இதே லூப் ஐ.ஐ.பி. குழுவுக்குரிய பகுதியில் இருந்திருந்தால் எல்லை 650 நானோ ஃபாரட் என்பதால், இவ்வளவு பேச்சே தேவைப்பட்டிருக்காது. வாயுக் குழு எது என்று தெரியாமல் கேபிள் நீளத்தை முடிவுசெய்ய முடியாது என்பதற்கு உங்கள் கடிதம் நல்ல எடுத்துக்காட்டு.

ஸ்கிரீனை ஒரே இடத்தில், பெரும்பாலும் கண்ட்ரோல் ரூம் பக்கத்தில், எர்த் செய்யுங்கள். பவர் கேபிள் ஓடும் டிரேயில் இந்தக் கேபிளைச் சேர்த்துப் போடாதீர்கள். மெகர் (இன்சுலேஷன் சோதனைக் கருவி) போடுவதாக இருந்தால், டிரான்ஸ்மிட்டரையும் பேரியரையும் கழற்றிவிட்டு, வாயுச் சோதனையும் பெர்மிட்டும் முடிந்த பிறகே போடுங்கள்.

அபாயப் பகுதியில் அலுமினியக் கேபிள் போடலாமா?
வாசகர், தூத்துக்குடி

16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத அளவில், அலுமினியத்துக்கென்றே உள்ள இணைப்பு முறையோடு போடலாம். மோட்டார் டெர்மினல் செம்பாகவோ பித்தளையாகவோ இருந்தால் பைமெட்டல் லக் (அலுமினியத்தையும் செம்பையும் சேர்த்துச் செய்த இணைப்பு முனை) கட்டாயம். இன்ட்ரின்சிக்கலி சேஃப் சர்க்யூட்டுகளுக்கு இந்த அளவு விதி பொருந்தாது; அங்கே யாரும் அலுமினியம் போடுவதும் இல்லை.

இந்தியாவிலிருந்து வந்த கேபிள் பட்டியலில் ஒரு மின்னோட்ட அளவும், இங்கே உள்ள ஐரோப்பியப் பட்டியலில் அதே அளவுக் கேபிளுக்கு வேறொரு மின்னோட்ட அளவும் இருக்கிறது. எதை நம்புவது? கோடையில் இங்கே 50 டிகிரி.
வாசகர், அபுதாபி

இரண்டையும் நம்பலாம், அடித்தளம் வேறு. இந்தியப் பட்டியல் காற்று 40 டிகிரி, மண் 30 டிகிரி என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது. ஐரோப்பியப் பட்டியல் காற்று 30, மண் 20 என்று கொள்கிறது. உங்கள் 50 டிகிரிக்கு எக்ஸ்.எல்.பி.இ. கேபிளை ஐரோப்பியப் பட்டியலிலிருந்து எடுத்தால் 0.82ஆல் பெருக்க வேண்டும்; இந்தியப் பட்டியலிலிருந்து எடுத்தால் 0.89 போதும். பி.வி.சி. இன்சுலேஷன் 70 டிகிரி வரை மட்டுமே தாங்கும் என்பதால், ஐரோப்பியப் பட்டியலில் அதற்குரிய பெருக்கெண் 0.71 ஆகிவிடுகிறது. இதற்கு மேல் டிரேயில் கேபிள்கள் அடுக்கிக் கிடப்பதற்கும், நேர்வெயில் படுவதற்கும் தனித்தனியே குறைக்க வேண்டும். டிரேக்கு மேல்மூடி போட்டு வெயிலைத் தடுப்பது, கேபிள் அளவை ஒரு படி உயர்த்துவதைவிடப் பல இடங்களில் மலிவாக முடியும்.

அபாயப் பகுதியில் இன்னொரு வெப்பநிலையும் பார்க்க வேண்டும். சாதனத்தின் கேபிள் நுழைவாயில் 70 டிகிரிக்கு மேல் சூடாகும் அல்லது உள்ளே கோர்கள் பிரியும் இடம் 80 டிகிரிக்கு மேல் சூடாகும் என்றால், தயாரிப்பாளர் அதைச் சாதனத்தின் மேல் எழுதியாக வேண்டும். உயரத்தில் தொங்கும் ஃபிளட் லைட்டில் அந்தச் சிறிய எழுத்தை யாரும் படிப்பதில்லை. சில ஆண்டுகள் கழித்துத் திறந்தால் பி.வி.சி. கோர் அப்பளமாக நொறுங்கும். தவிர, கேபிளின் மேற்பரப்பு வெப்பம் அந்த இடத்தின் வெப்பநிலை வகுப்பைத் தாண்டக் கூடாது. டி4 என்றால் 135 டிகிரி, டி6 என்றால் 85. எக்ஸ்.எல்.பி.இ. கேபிளின் கம்பி 90 டிகிரி வரை போகலாம் என்பதால், டி6 கேட்கும் அரிதான இடங்களில் முழுச்சுமை ஏற்றுவதற்குமுன் உறையின் வெப்பத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

எஃப்.ஆர்.எல்.எஸ். கேபிளும் ஃபயர் சர்வைவல் கேபிளும் ஒன்றா? எங்கள் ஆலோசகர் எல்லா இடத்துக்கும் ஃபயர் சர்வைவல் போடச் சொல்கிறார்.
வாசகர், எண்ணூர்

ஒன்றல்ல. எஃப்.ஆர்.எல்.எஸ். கேபிள் தீயைப் பரப்பாது, புகையையும் அமில வாயுவையும் குறைவாக விடும். ஆனால் தீயில் அது செத்துப்போகும். நம் நாட்டில் வழக்கமாகக் கேட்கப்படும் அளவுகள்: ஆக்சிஜன் குறியீட்டெண் குறைந்தது 29, ஹைட்ரஜன் குளோரைடு வாயு அதிகபட்சம் 20 சதவீதம், புகை அடர்த்தி அதிகபட்சம் 60 சதவீதம். ஃபயர் சர்வைவல் கேபிளோ தீக்குள்ளேயே மின்சாரத்தைத் தொடர்ந்து கொண்டுசெல்வதற்காக, கம்பியின் மேல் மைகா டேப் சுற்றிச் செய்யப்படுவது. ஐ.இ.சி. 60331 சோதனையில் 750 டிகிரி சுடரில் 90 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். பி.எஸ். 6387இன் சி.டபிள்யூ.இசட். வகை இன்னும் கடுமையானது: 950 டிகிரியில் 3 மணி நேரம், பிறகு தனித் துண்டுகளில் நீர் தெளிப்போடும், அதிர்வோடும்.

எல்லா இடத்துக்கும் ஃபயர் சர்வைவல் என்பது சிந்திக்காமல் கொடுக்கும் ஆலோசனை. ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் பட்டியல் தானாகச் சுருங்கும்: தீப்பற்றிய பிறகும் இந்தச் சர்க்யூட் வேலை செய்தாக வேண்டுமா? தீயணைப்பு நீர் பம்ப், அவசர விளக்குகள், எச்சரிக்கை ஒலிபெருக்கி, மின்சாரம் கொடுத்தால்தான் திறக்கும் நீர்த்தெளிப்பு வால்வு ஆகியவற்றுக்கு ஆம். மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும்படி அமைத்த அவசர அடைப்பு வால்வுக்கு ஃபயர் சர்வைவல் கேபிள் தேவையில்லை, ஏனென்றால் கேபிள் எரிந்து துண்டானால் அந்த வால்வு செய்ய வேண்டியதைச் செய்துவிடும். மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் கண்ட்ரோல் ரூமில் ஹாலஜன் இல்லாத உறையைக் கேளுங்கள், பி.வி.சி. புகை கண்ணையும் மூச்சையும் அடைப்பதோடு, கருவிப் பலகைகளையும் அரித்துவிடும். கேபிளைத் தாங்கும் டிரேயும் கிளாம்ப்பும் தீயில் நிற்குமா என்பதையும் அந்த ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். மூன்று மணி நேரம் தாங்கும் கேபிளை பிளாஸ்டிக் டையால் கட்டித் தொங்கவிட்ட இடங்கள் இருக்கின்றன.

பழைய டேங்க் ஃபார்மில் தோண்டியபோது, மண்ணில் எண்ணெய் ஊறிய இடத்தில் பி.வி.சி. கேபிளின் உறை ஒரு பக்கம் உப்பியும் இன்னொரு பக்கம் விறைத்து வெடித்தும் இருந்தது. மாற்றும்போது எதைப் போடுவது?
வாசகர், விசாகப்பட்டினம்

பி.வி.சி.யை வளையச் செய்வது அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர். ஹைட்ரோகார்பன் திரவம் உறைக்குள் ஊறும்போது உறை உப்புகிறது. அது பிளாஸ்டிசைசரைக் கரைத்துக்கொண்டு வெளியேறிய பிறகு, உறை விறைத்து வெடிக்கிறது. நீங்கள் பார்த்தவை ஒரே நோயின் இரண்டு கட்டங்கள். எக்ஸ்.எல்.பி.இ. இன்சுலேஷன் இருப்பதால் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஹைட்ரோகார்பன் அதையும் ஊடுருவும்.

சுத்திகரிப்பு ஆலைகளில் இதற்குப் பழைய தீர்வு ஈய உறை. திரவத்தையும் ஆவியையும் முழுமையாக நிறுத்துவது உலோகம் மட்டுமே என்பதால், இன்றும் ஈயத்தைக் கேட்பவர்கள் உண்டு. எடை கூடுதல், வளைக்கவும் முடிக்கவும் தேர்ந்த கை வேண்டும், கழிவாகும்போது நச்சு என்பவை அதன் குறைகள். மாற்றாக அலுமினியத் தகடு, அடர் பாலி எத்திலீன், நைலான் ஆகியவற்றை அடுக்காக ஏற்றிய உறை வந்துள்ளது. எடை குறைவு, விட்டமும் சிறிது. முதலில் மண்ணில் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எப்போதாவது சிந்துவதுதான் என்றால், கேபிளைத் தரைக்கு மேலே டிரேயில் கொண்டுபோவதே நல்ல தீர்வு. மண் நிரந்தரமாக ஊறியிருந்தால் மட்டும் ஈய உறைக்கோ அடுக்கு உறைக்கோ செலவழியுங்கள்.

கான்கிரீட் டிரெஞ்ச் வழியே போவதாக இருந்தால் அதை மணலால் நிரப்பி மூடுங்கள். எல்.பி.ஜி. ஆவி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. பெட்ரோல் ஆவி அதைவிடவும் கனம். திறந்த டிரெஞ்ச் அவற்றுக்குக் கால்வாய். சப்ஸ்டேஷன் சுவரில் கேபிள் நுழையும் இடத்தை மல்டி கேபிள் டிரான்சிட் (பல கேபிள்களைச் சுற்றி அடைக்கும் சட்டம்) கொண்டு அடைக்க வேண்டும். ஜெய்ப்பூர் சீதாபுராவில் 2009 அக்டோபர் 29 அன்று நடந்த எண்ணெய்க் கிடங்கு விபத்தில், ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கசிந்த பெட்ரோலின் ஆவி வளாகம் முழுவதும் பரவிய பிறகே வெடித்தது. பற்றவைத்தது நிர்வாகக் கட்டடத்தில் இருந்த சாதாரண மின்சாதனமாக இருக்கலாம் என்பதும் விசாரணைக் குழு சுட்டிய வாய்ப்புகளில் ஒன்று.

எங்கள் பெட்ரோல் பங்கில் டிஸ்பென்சர் (எரிபொருள் நிரப்பும் இயந்திரம்) கேபிள் பழுதாகிவிட்டது. வந்த எலக்ட்ரீஷியன் பாதி தூரத்தில் வெட்டி, புதுக் கேபிளை முறுக்கி இணைத்து, டேப் சுற்றி மண்ணைப் போட்டு மூடிவிட்டார். இரண்டு மாதமாக நன்றாகவே ஓடுகிறது. மாற்ற வேண்டுமா?
வாசகர், தர்மபுரி

இன்றே அந்த டிஸ்பென்சருக்கான மின்சாரத்தைப் பேனலிலேயே நிறுத்துங்கள். டிஸ்பென்சரைச் சுற்றியுள்ள தரைமட்டப் பகுதி ஸோன் 2 (வாயு அரிதாகவே வரும் இடம்) ஆக இருந்தாலும், அதனுள் வரும் பள்ளமும் டிரெஞ்சும் ஸோன் 1 (இயல்பான வேலையிலேயே வாயு வரக்கூடிய இடம்) என்றே கருதப்படும். அந்த இடத்தில் புதைந்திருக்கும் முறுக்கு இணைப்பு மழைநீர் இறங்கிச் சூடாகும் வரை நன்றாகத்தான் ஓடும். கேபிள் பேனலிலிருந்து டிஸ்பென்சர் வரை இடையில் இணைப்பின்றி ஒரே நீளமாக ஆர்மருடன் போகட்டும். இரு முனையிலும் ஆர்மர் எர்த் ஆகட்டும். டிஸ்பென்சர் பக்கம் ஒப்புதல் பெற்ற எஃப்.எல்.பி. கிளாண்ட் இருக்கட்டும். பங்கின் மின் அமைப்பு 2002ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளின்படி உரிமத்தோடு கட்டுப்பட்டது என்பதால், உங்கள் எண்ணெய் நிறுவனத்தின் விற்பனை அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்களுடைய அங்கீகாரம் பெற்ற ஒப்பந்ததாரரைக் கொண்டே செய்யுங்கள்.

ஏழு கோர் கேபிளில் நான்குதான் பயன்படுகிறது. மீதி மூன்றின் முனைகளில் டேப் சுற்றி விட்டுவிடலாமா?
வாசகர், கொச்சி

கூடாது. அபாயப் பகுதியில் உள்ள முனையில், பயன்படாத ஒவ்வொரு கோரையும் எர்த்தில் இணைக்க வேண்டும், அல்லது அந்தப் பெட்டிக்கு உகந்த டெர்மினலில் தனித்தனியாக முடிக்க வேண்டும். டேப் மட்டும் சுற்றுவதைத் தரம் ஏற்பதில்லை. இன்ட்ரின்சிக்கலி சேஃப் கேபிளாக இருந்தால், மீதிக் கோர்களை ஒன்றோடொன்றும் எர்த்தோடும் தொடாதபடி இரு முனையிலும் டெர்மினலில் முடியுங்கள். அதே கேபிளில் உள்ள மற்றச் சர்க்யூட் ஏற்கெனவே ஓரிடத்தில் எர்த் ஆகியிருந்தால், மீதிக் கோர்களையும் அந்த ஒரே எர்த்தில் சேர்த்து, மறுமுனையை இன்சுலேட் செய்துவிடுங்கள். டெர்மினல் இடம் போதவில்லை என்றால் பெட்டியில் துளை போட்டுக் கூடுதல் டெர்மினல் பொருத்தாதீர்கள். பெட்டியின் சான்றிதழ் அந்தத் துளையோடு போய்விடும்.